வீடு கைமாறும்போது எரிவாயுச் சோதனை

சித்தூரிலோ திருப்பதியிலோ ஒருவர் வீடு வாங்க முற்படும்போது பல தாள்களை ஆராய்ந்து பார்க்கின்றார். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வீட்டுவரி ரசீது, கட்டட அனுமதி, மின்கட்டண ரசீது ஆகியன ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப்படுகின்றன. சுவரில் வெடிப்பு உண்டா, ஆழ்துளைக் கிணற்றில் கோடையிலும் நீர் நிற்குமா என்பனவும் வினவப்படுகின்றன. ஆனால், சமையலறையின் மூலையில் நிற்கும் எரிவாயு உருளையையும், அதனின்று அடுப்புக்குச் செல்லும் குழாயையும் பற்றி வினவுவோர் அரியர். அவ்வுருளை எவர் பெயரில் உள்ளது? அக்குழாய் எந்த ஆண்டில் மாற்றப்பட்டது? சுவரினுள் பதித்த உலோகக் குழாய் இருப்பின் அது கசிவற்றதா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காணாமலே சாவி கைமாறிவிடுகின்றது.

விற்பவர் தம் கடமை முடிந்தது எனச் செல்கின்றார். வாங்குபவர் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும் என நம்புகின்றார். ஆகவே, எவர் பொறுப்பிலும் சேராத சில நாட்கள் இடையே உண்டாகின்றன. அந்நாட்களில் நேரக்கூடிய விபத்தைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் மக்களுக்கு எடுத்துரைக்கும் வகையில் இப்பாடம் அமைகின்றது.

சட்டத்தின் நிலை

சில நாடுகளில் வீட்டு விற்பனைக்கும் எரிவாயுச் சோதனைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பிரான்சு நாட்டில், வீட்டினுள் அமைந்த எரிவாயு அமைப்பு 15 ஆண்டுகளுக்கு மேற்பட்டதாயின், தகுதி பெற்ற ஒருவர் அதனைச் சோதித்து அளித்த அறிக்கையை விற்பவர் வாங்குபவருக்குத் தரவேண்டும். இவ்விதி 2007 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அவ்வறிக்கை விற்பனைக்கு 3 ஆண்டுகள் செல்லும். பிரிட்டனில் நிலைமை சற்று வேறானது. 1998ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகளின்படி, வீட்டை வாடகைக்கு விடுபவர் ஆண்டுதோறும் சோதனை நடத்திச் சான்று பெறவேண்டும். விற்பவருக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. எனினும், வாங்குபவர் அதனைக் கேட்டுப் பெறுதல் அங்கு வழக்கமாகி வருகின்றது.

நம் நாட்டில், வீட்டை விற்கும்போது எரிவாயுச் சான்று அளிக்கவேண்டும் என்னும் பொதுவிதி இல்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் எவரும் அதனைக் கேட்பதில்லை. ஆயினும், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவு இங்கு நினைவுகூரத் தக்கது. விற்பவர் அறிந்ததும், வாங்குபவர் அறியாததும், சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க இயலாததுமான முக்கியக் குறை சொத்தில் இருப்பின், அதனை விற்பவர் வெளிப்படுத்தவேண்டும் என்று அப்பிரிவு கூறுகின்றது. சுவரினுள் மறைந்து கசியும் குழாய் இத்தகைய குறையாகக் கருதப்படக்கூடும். ஆதலின், மௌனமாயிருத்தல் விற்பவருக்கும் நன்மை தருவதன்று.

இணைப்பு ஆளுக்கு உரியது, வீட்டுக்கு உரியதன்று

மின்னிணைப்பு வீட்டோடு செல்வது. பெயர் மாற்றம் செய்தால் போதும். உருளைவழி எரிவாயு இணைப்பு அங்ஙனமன்று. அது பதிவு செய்துகொண்ட நுகர்வோருக்கு அளிக்கப்பட்டது. உருளையும் ரெகுலேட்டரும் எண்ணெய் நிறுவனத்தின் உடைமைகள். வைப்புத்தொகையின் பேரில் அவை நுகர்வோரிடம் ஒப்படைக்கப்படுகின்றன. ஆகவே, வீட்டை விற்பவர் அவற்றையும் சேர்த்து விற்க உரிமையற்றவர். அடுப்பும், அதனோடிணைந்த குழாயும் மட்டுமே நுகர்வோரின் சொந்தப் பொருள்கள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். திருப்பதியில் வீட்டை விற்ற ஒருவர் சித்தூருக்குக் குடிபெயர்கின்றார் என்க. அவர் உருளைகளையும் ரெகுலேட்டரையும் தம் கேஸ் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெர்மினேஷன் வவுச்சர் எனப்படும் இணைப்பு முடிவுச் சீட்டைப் பெறவேண்டும். வைப்புத்தொகையும் திருப்பித் தரப்படும். அச்சீட்டைக் கொண்டு சித்தூரிலுள்ள ஏஜென்சியில் மீண்டும் இணைப்புப் பெறலாம். ஒரே ஊருக்குள் வீடு மாறுபவர் உருளையைத் திருப்பித் தரவேண்டியதில்லை. புதிய முகவரியைப் பதிவு செய்தல் அவசியம். அப்பகுதிக்கு வேறு ஏஜென்சி உரியதாயின், இணைப்பினை அங்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வீட்டை வாங்கியவர் தம் பெயரிலேயே இணைப்பு வைத்திருத்தல் வேண்டும்.

நடைமுறையிலோ, "இரண்டு சிலிண்டர்களையும் வைத்துவிட்டுப் போகின்றேன், நீங்களே பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்று விற்பவர் கூறுவதும், வாங்குபவர் மகிழ்வுடன் ஏற்பதும் காணப்படுகின்றன. இதனை உதவி என்று இருவரும் கருதுகின்றனர். இதன் விளைவு விபத்து நேரும் நாளில்தான் தெரியவரும். எண்ணெய் நிறுவனங்கள் தம் நுகர்வோருக்காகப் பொதுப் பொறுப்புக் காப்பீடு செய்துள்ளன. அண்மை ஆண்டுகளில் வழங்கப்பட்டுவரும் அளவுப்படி, விபத்தில் ஒருவர் இறப்பின் 6 லட்சம் ரூபாயும், மருத்துவச் செலவுக்கு ஒருவருக்கு 2 லட்சம் ரூபாய் வரையிலும், சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரையிலும் இழப்பீடு உண்டு. இவற்றுள் சொத்துச் சேதத்துக்கான தொகை, பதிவு பெற்ற நுகர்வோரின் பதிவு செய்த முகவரியில் நேர்ந்த சேதத்துக்கே உரியது. பிறர் பெயரிலுள்ள உருளையைத் தம் வீட்டில் வைத்திருப்பவர் எந்த உரிமையைக் காட்டி இழப்பீடு கோருவார்? இவ்வொரு செய்தியை மக்கள் மனத்தில் பதியச் செய்தாலே பாடத்தின் பாதிப் பயன் கிட்டும்.

ஆந்திரத்தில் 1999இல் தொடங்கப்பட்ட தீபம் திட்டமும், 2016இல் மத்திய அரசு தொடங்கிய உஜ்வலா திட்டமும் விறகடுப்பே பழகிய பல்லாயிரம் குடும்பங்களுக்கு எரிவாயுவைக் கொண்டுவந்தன. இவ்விணைப்புகள் குடும்பத் தலைவியின் பெயரில் அளிக்கப்பட்டவை. வீட்டுப் பத்திரம் கணவர் பெயரிலும் எரிவாயு இணைப்பு மனைவி பெயரிலும் இருத்தல் இயல்பு. ஆகவே, விற்பனை பற்றிப் பேசும்போது குடும்பத் தலைவியையும் உடன்வைத்துப் பேசுதல் களப்பணியாளருக்கு இன்றியமையாதது.

வாயுவின் இயல்பு

சமையலுக்குரிய திரவப் பெட்ரோலிய வாயு பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் ஆகிய இரண்டின் கலவையாகும். அழுத்தத்தால் திரவமாக்கப்பட்டு உருளையில் அடைக்கப்படுகின்றது. வெளிப்படும்போது ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரிகின்றது. அவ்வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. ஆதலின், அது மேலெழுந்து சன்னல் வழியே வெளியேறாமல், நீர்போலத் தரையில் பரவிப் பள்ளங்களிலும் மூலைகளிலும் தேங்குகின்றது.

காற்றில் இவ்வாயு ஏறக்குறைய 2 சதவீதம் முதல் 9 சதவீதம் வரை கலந்திருக்கும்போது ஒரு தீப்பொறி பட்டால் தீப்பற்றும். 2 சதவீதம் என்பது எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுக் காண்போம். நீளம் 3 மீட்டர், அகலம் 2.5 மீட்டர், உயரம் 3 மீட்டர் உள்ள சமையலறையின் கொள்ளளவு 22.5 கன மீட்டர். இதில் 2 சதவீதம் 0.45 கன மீட்டர். அவ்வளவு வாயுவின் எடை ஏறக்குறைய 1 கிலோகிராம். வீட்டு உருளையில் உள்ளதோ 14.2 கிலோகிராம். எனவே, ஓர் உருளையில் பதினான்கில் ஒரு பங்கு கசிந்தாலே மூடிய சமையலறை முழுவதும் தீப்பற்றும் நிலையை அடையக்கூடும். தரையை ஒட்டி வாயு தேங்கும்போது இதனினும் குறைந்த அளவே அபாயத்துக்குப் போதும். விற்கப்பட்ட வீடு குடிபுகும் நாள் வரை கதவும் சன்னலும் அடைத்துக் கிடக்கின்றது என்பதை இங்கு எண்ணிப் பார்க்கவேண்டும். சிறு கசிவும் அங்கு பெருந்தேக்கமாகின்றது.

இவ்வாயுவுக்குத் தனக்கென வாசனை இல்லை. கசிவை அறிவதற்காகவே எத்தில் மெர்க்காப்டன் என்னும் துர்நாற்றமுள்ள பொருள் சிறிதளவு கலக்கப்படுகின்றது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளிக்கூடத்தில், மணமற்ற இயற்கை வாயு கட்டடத்தின் அடியில் கசிந்து தேங்கி வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர்; அவருள் பெரும்பாலோர் மாணவர். அதன்பின்னரே வாயுவில் நாற்றப் பொருள் கலக்கும் விதி அங்கு பிறந்தது. இன்று நம் சமையலறையில் எழும் அத்துர்நாற்றம் ஓர் எச்சரிக்கை மணி என்பதை மாணவர் உணரவேண்டும்.

ஒரு பித்தளைத் திருகுமரை

லண்டன் நகரில் ரோனன் பாயின்ட் என்னும் 22 மாடிக் குடியிருப்பு எழுப்பப்பட்டது. மக்கள் குடியேறத் தொடங்கி ஏறக்குறைய இரண்டே மாதங்கள் கழிந்த நிலையில், 1968 மே 16 அன்று விடியற்காலையில், 18ஆம் மாடியில் குடியிருந்த பெண்மணி ஒருவர் தேநீருக்காக அடுப்பைப் பற்றவைக்கத் தீக்குச்சி உரசினார். கசிந்திருந்த வாயு வெடித்தது. கட்டடச் சுவர்களின் இணைப்பு வலுவற்றதாயிருந்தமையால், அம்மூலையிலிருந்த அறைகள் மேலிருந்து கீழ்வரை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. நால்வர் உயிரிழந்தனர். விசாரணையில், அடுப்புக்குச் சென்ற வாயுக் குழாயின் இணைப்பில் பூட்டப்பட்டிருந்த தரக்குறைவான பித்தளைத் திருகுமரையே கசிவுக்குக் காரணம் எனக் கண்டனர்.

இந்நிகழ்ச்சி தரும் படிப்பினை தெளிவானது. புதிய வீடு என்பதால் இணைப்பும் பழுதற்றது எனக் கொள்ளலாகாது. ஒருவர் பூட்டிய திருகினை மற்றொருவர் நம்பிப் பயன்படுத்தும் இடத்திலேதான் சோதனை மிகவும் வேண்டப்படுகின்றது.

சோதிக்கும் முறை

எரிவாயு அமைப்பினை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏஜென்சியின் பயிற்சி பெற்ற மெக்கானிக் வந்து சோதிக்கவேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் ஏற்பாடு. வீடு கைமாறும் நாளில், முன்னைய சோதனை எப்போது நடந்திருப்பினும், புதிய சோதனையைக் கேட்டுப் பெறுதலே நன்று. அச்சோதனையில் கவனிக்கப்படும் பகுதிகள் வருமாறு:

1. உருளை. அது தரைமட்டத்தில் நிமிர்ந்து நிற்கவேண்டும். பள்ளத்திலோ நிலவறையிலோ காற்றோட்டமற்ற அலமாரியிலோ வைத்தலாகாது. உருளையின் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டைகளுள் ஒன்றன் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டும் குறிக்கப்பட்டிருக்கும். ஏ என்பது ஜனவரி முதல் மார்ச் வரையிலும், பி ஏப்ரல் முதல் ஜூன் வரையிலும், சி ஜூலை முதல் செப்டம்பர் வரையிலும், டி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் உள்ள காலாண்டைக் காட்டும். சி-28 என்றிருப்பின், 2028 செப்டம்பருக்குள் அவ்வுருளை மறுசோதனைக்கு உட்படவேண்டும் என்பது பொருள். இது வாயு கெட்டுப்போகும் நாள் என மக்கள் பிழையாகக் கருதுகின்றனர். உருளையின் உறுதியைச் சோதிக்கும் நாளே இது. அந்நாள் கடந்த உருளையை ஏற்றுக்கொள்ளலாகாது.

2. வால்வும் ரெகுலேட்டரும். வால்வின் உள்ளே அமைந்த ரப்பர் வளையம் தேய்ந்தோ வெடித்தோ இருப்பின் கசிவு உண்டாகும். ரெகுலேட்டர் வால்வின்மீது ஆட்டமின்றிப் பொருந்தவேண்டும். அதன் திருகி எளிதில் திறந்து மூடவேண்டும்.

3. குழாய். உள்ளே எஃகுக் கம்பி வலையுள்ள சுரக்ஷா குழாய் ஐ.எஸ். 9573 என்னும் தரக்குறியுடையது. இதன் நீளம் ஒன்றரை மீட்டருக்கு மிகலாகாது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். குழாயைச் சுவரில் துளையிட்டு அதனுள் மறைத்தலும், இரு துண்டுகளை ஒட்டவைத்தலும், அதன்மீது துணி சுற்றுதலும் தவறு. பழைய வீட்டில் விட்டுச்சென்ற குழாயை ஐயமின்றி அகற்றிப் புதியது வாங்குவதே சிக்கனம். அதன் விலை வீட்டின் விலைமுன் ஒரு பொருட்டன்று.

4. அடுப்பு. ஐ.எஸ். 4246 தரக்குறி இருத்தல் வேண்டும். அடுப்பு உருளையைவிட உயரமான, தீப்பற்றாத மேடையில் அமையவேண்டும். சுடர் நீலமாக எரிதல் நலம். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி படியுமாயின் பர்னரைத் துப்புரவு செய்யவேண்டும்.

5. காற்றோட்டம். கனமான வாயு வெளியேறத் தரையை ஒட்டித் திறப்பு வேண்டும். உயரத்தில் மட்டும் சாளரம் இருத்தல் போதாது.

கசிவைக் காணச் சோப்பு நீரே உகந்தது. அடுப்பின் திருகிகளை எல்லாம் மூடி, ரெகுலேட்டரைத் திறந்து, இணைப்புகளின்மேல் சோப்பு நுரையைத் தடவவேண்டும். சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பவர் ட்யூபை நீரில் அமிழ்த்திக் குமிழிகளைத் தேடுவதை ஒத்தது இது. குமிழி பெருகும் இடத்தில் கசிவு உண்டு. தீக்குச்சி கொளுத்திக் கசிவு தேடுவது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

மறைந்திருக்கும் அமைப்புகள்

உருளையை வெளியே வைத்துச் சுவரினுள் செப்புக் குழாய் பதித்து அடுப்புக்கு வாயு கொண்டுசெல்லும் முறை புதிய வீடுகளில் பரவியுள்ளது. இத்தகைய வீட்டை விற்பவர் குழாய் செல்லும் பாதையை வரைந்து தருதல் வேண்டும். வாங்கியவர் அலமாரி பொருத்தச் சுவரில் துளையிடும்போது அவ்வரைபடமே பாதுகாப்பு.

மற்றொன்று குளியலறையில் உள்ள கேஸ் கீசர். காற்றோட்டமற்ற சிறு அறையில் அது எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் குறைகின்றது. எரிதல் முழுமை பெறாது கார்பன் மோனாக்சைடு உண்டாகின்றது. இந்நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. குளிப்பவர் மயங்கி வீழ்ந்து, உதவிக்கு அழைக்கவும் இயலாது இறக்க நேரிடும். விற்பவர் விட்டுச்சென்ற கீசர் குளியலறைக்குள் இருப்பின், அதனை வெளியே மாற்றாது பயன்படுத்தலாகாது.

குழாய்வழி இயற்கை வாயுவைப் பற்றியும் சில சொற்கள் கூறுதல் தகும். நாட்டின் ஒன்பதாம் ஏலச் சுற்றில், 2018ஆம் ஆண்டு, சித்தூர், கோலார், வேலூர் மாவட்டங்கள் ஒரே நகர எரிவாயு விநியோகப் பரப்பாக ஒதுக்கப்பட்டன. இவ்வாயு மீத்தேன், காற்றைவிட இலேசானது, ஆதலின் கூரையை நோக்கி எழும். இவ்விணைப்பு மீட்டருடன் வீட்டோடு நிலைத்திருப்பது. விற்பனையின்போது அதனைப் பெயர் மாற்றம் செய்யவேண்டும். உருளை வாயுவுக்குத் தரையிலும், குழாய் வாயுவுக்குக் கூரையோரத்திலும் காற்றுவழி வேண்டும் என்னும் வேறுபாட்டை மாணவர் நன்கு அறிதல் வேண்டும்.

வகுப்பில் செய்து காட்டுதல்

கனமான வாயு கீழே பரவுவதை எரிவாயுவைக் கொண்டு ஒருபோதும் செய்து காட்டலாகாது. கார்பன் டையாக்சைடும் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. அதுவே இதற்கு ஏற்றது. அகன்ற கண்ணாடித் தொட்டியில் 5 சென்டிமீட்டர், 15 சென்டிமீட்டர் உயரமுள்ள இரு மெழுகுவத்திகளை ஏற்றி நிறுத்துக. ஒரு கூசாவில் இரண்டு தேக்கரண்டி சமையல் சோடாவிட்டு, அதன்மேல் வினிகரைச் சிறிது சிறிதாக ஊற்றுக. நுரை அடங்கியபின், திரவம் சிந்தாதவாறு கூசாவைச் சாய்த்து, அதிலுள்ள வாயுவை மட்டும் தொட்டியின் ஓரத்தில் ஊற்றுக. முதலில் குட்டையான வத்தி அணையும். பின்னர் நெட்டையானது அணையும். கண்ணுக்குப் புலப்படாத வாயு நீர்போல் அடியிலிருந்து நிரம்புவதை மாணவர் நேரிற் காண்பர். இவ்வாயு சுடரை அணைப்பது, எரிவாயுவோ சுடரைப் பற்றிக்கொள்வது என்னும் வேறுபாட்டை ஆசிரியர் உடனே விளக்கவேண்டும்.

கைமாற்றுக் குறிப்பு

சட்டம் கேட்காவிடினும், விற்பவரும் வாங்குபவரும் கையொப்பமிட்ட ஒரு பக்கக் குறிப்பினைத் தயாரித்துப் பத்திர நகலோடு வைத்துக்கொள்ளுதல் பயன்தரும். உருளைகளும் ரெகுலேட்டரும் ஏஜென்சியில் ஒப்படைக்கப்பட்ட அல்லது முகவரி மாற்றப்பட்ட நாள். விட்டுச்செல்லப்பட்ட அடுப்பு, கீசர் ஆகியவற்றின் விவரம். பதித்த குழாயின் வரைபடம். மெக்கானிக் சோதித்த நாளும் அவர் கண்ட குறைகளும். குறைகள் நீக்கப்பட்ட நாள் ஆகிய ஐந்தும் அதில் இடம்பெறல் வேண்டும். குப்பம், நகரி, சத்தியவேடு முதலிய எல்லைப் பகுதிகளில் தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் கலந்து வாழ்கின்றனர்; ஆகவே, இருவரும் படித்தறியும் வகையில் இரு மொழிகளிலும் எழுதுதல் நலம்.

புதிய வீட்டின் கதவைத் திறந்தவுடன் துர்நாற்றம் வீசுமாயின் செய்யவேண்டுவனவற்றையும் அக்குறிப்பின் அடியில் எழுதலாம். மின்விசிறி, விளக்கு ஆகியவற்றின் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சுடர், புகையிலை நெருப்பு எதுவும் அருகில் இருத்தலாகாது. கதவு, சன்னல்களை அகலத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வால்வில் பாதுகாப்பு மூடியைப் பொருத்தி, அனைவரும் வெளியேறவேண்டும். வெளியே வந்தபின்னரே 1906 என்னும் அவசர எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்கவேண்டும்.

புதுமனை புகும் நாளில் பால் பொங்க அடுப்பு ஏற்றுவது நம் மக்களின் வழக்கம். உறவினரும் அண்டை வீட்டாரும் குழந்தைகளும் சமையலறையில் நெருங்கி நிற்கும் நேரம் அது. அவ்வீட்டின் எரிவாயு அமைப்பு அதற்கு முதல் நாளேனும் சோதிக்கப்பட்டிருத்தல் வேண்டும். பால் பொங்கும் அடுப்பின் இணைப்பு எவர் பெயரில் உள்ளது, அதன் குழாய் எந்த ஆண்டுக்குரியது என்று வாங்கியவர் தயக்கமின்றிக் கூறக்கூடுமாயின், இப்பாடம் பயன்பட்டது எனக் கொள்ளலாம்.

பயிற்சி வினாக்கள்

1. மின்னிணைப்புக்கும் உருளைவழி எரிவாயு இணைப்புக்கும் வீடு விற்கும்போது உள்ள வேறுபாடு யாது?

2. நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 3 மீட்டர் உள்ள அறையில் 2 சதவீத வாயு எத்தனை கன மீட்டர்?

3. பி-29 என்னும் குறியின் பொருள் யாது?

4. உருளை வாயுவுக்கும் குழாய் வாயுவுக்கும் காற்றுவழிகள் வெவ்வேறு உயரத்தில் வேண்டப்படுவது ஏன்?

5. நும் தெருவில் அண்மையில் கைமாறிய ஒரு வீட்டுக்குரிய கைமாற்றுக் குறிப்பினை, வீட்டாரின் இசைவு பெற்று, அவர்களுடன் இருந்து எழுதுக.